ஐந்நூற்று நான்கு வரிகள்

ஜம்பட்டா வீதியில், பல் டாக்டருக்கு மேல்மாடியில் என் கடை.
கீழே அவர் பல் பிடுங்குகிறார்.
மேலே நான் படத்திலிருந்து வரி பிடுங்குகிறேன்:
ஆயிரத்து எண்பது வரியாய் ஏறி வரும் படம்
ஐந்நூற்று எழுபத்தாறாய் இறங்கிப் போகும்.
மீதி ஐந்நூற்று நான்கும் எங்கே என்று
இதுவரை எவரும் கேட்டதில்லை.
வரி குறைந்தால் இந்த நாட்டில் யார் கேட்பார்கள்!

திங்கட்கிழமை முகத்துவாரத்திலிருந்து ஜெனிற்றா வந்தார்,
கமராவைக் குழந்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு.
கார்டில் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்.
பெயரில்லை, இலக்கம் மட்டும்,
ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் கணுக்காலில் கட்டுவதுபோல.

கணவர் கிளமென்ட் சரக்குக் கப்பலில் சமையல்.
சாப்பாட்டறையில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று,
கப்பலில் இருக்கிற சினிமா அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமை ஒரு பொடியன் சிங்கப்பூர் பறந்து
அதே கப்பலில் ஏறுகிறானாம்.
"ஒரே தட்டுல போடுங்க அண்ணா.
ரெண்டு குடுத்தா அவன் ஒன்ன தொலைப்பான்."

ஒரு தட்டென்றால் நாலு தசம் ஏழு.
மூன்றரை மணி நேரத்தை அதற்குள் அமுக்கினால்
பிள்ளையின் கன்னம் சதுரம் சதுரமாய் வெடிக்கும்.
ஆகவே வெட்டினேன்.
மூடி கழற்றாமல் எடுத்த இருட்டை வெட்டினேன்.
செருப்பைப் பார்த்தபடி கமரா நடந்த நடையை.
பிறகு நாற்பத்தேழாம் துண்டு:
பதினொரு நிமிடம் சீலிங் ஃபேன்.

அணைக்க மறந்து கட்டிலில் வைத்திருக்கிறார்.
ஃபேன் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'.
குக்கர் விசிலடிக்கிறது.
பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டோடு
ஒழுங்கைக்குள் வந்து, திரும்பிப் போகிறது.
பிள்ளை வரவேயில்லை.
வெட்டினேன்.

இரவு பத்துக்கு மாற்றப் போட்டால் விடியற்காலை நாலாகும்.
முதல் தட்டில் ஒற்றை வரியும் இரட்டை வரியும் முறை மாறி
ஷெவோன் கையாட்டும்போதெல்லாம்
விரல்கள் சீப்புப் பல்லாகின.
இரண்டாவது, எண்பத்தொன்பது வீதம் எரிந்தபோது கரண்ட் போனது.
இரண்டையும் நூலில் கோத்து
பல்கனியில் காகத்துக்குக் கட்டினேன்.
காகம் வந்தது,
முகம் பார்த்தது, இருந்துவிட்டது.

மூன்றாவது, சூடு ஆறுமுன்பே மாக்கரால் பெயர் எழுதினேன்.
என் கையில் 'ஷெ' எப்போதும் கொஞ்சம் சறுக்கும்.

வியாழன் பின்னேரம் ஜெனிற்றா
கதிரை கொடுத்தும் உட்காராமல் பார்த்தார்.
குப்புற விழுந்தது, தவழ்ந்தது,
முதல் சோற்றைத் துப்பியது, எல்லாம்.
முடிந்ததும் கேட்டார்:
"ஃபேன் எங்க?"

தவறி எடுபட்டதாக்கும் என்று நினைத்து, என இழுத்தேன்.

"தவறித்தான்.
ஆனா அந்த டிக் சத்தத்த
நான் வந்துதான் சரி பண்ணுவேன்,
யாரையும் கூப்பிடாதேன்னு சொல்லிட்டு போனவர்.
பதினாலு மாசம்.
இன்னும் நான் யாரையும் கூப்பிடலன்னு
அவருக்குத் தெரியணும்."

கீழே யாருக்கோ பல் துளைக்கும் ஓசை.
பதினொரு நிமிடத்துக்கு எதைக் கழிக்க என்றேன்.
கொஞ்சமும் யோசிக்கவில்லை.
"கேக் வெட்டுறப்ப எங்க பெரியண்ணன் பேசுறார்ல,
அது முழுக்க."

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
நாற்பத்தேழை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
பெரியண்ணன் வாய் திறக்குமுன் மெழுகுதிரி அணைந்தது.

விடிய ஆறரைக்கு வந்து வாங்கும்போது சொன்னேன்:
உங்கள் கமராவில் ஃபேன் இறக்கையில்
ஒரு விரல் தடிப்பில் தூசி தெரிந்தது.
இந்தத் தட்டில் அது தெரியாது.

"ரொம்ப நல்லது," என்றார்.